எந்தச் சிகிச்சைக்குப் பொதுப்பணம்: முடிவெடுக்கும் குழுவில் நோயாளி வேண்டுமா?

நெடுமாறன்:
வேண்டாம் என்பேன். பணம் இருப்பது ஒரே பானையில். புற்றுநோயாளி தன் மருந்துக்காக வாதாடுவார், அதில் தப்பில்லை. ஆனால் அவருக்குக் கொடுப்பதற்காக யாருடைய பங்கு குறைகிறதோ, அவர் அந்த அறையில் இருக்கமாட்டார். அவருக்குச் சங்கமும் இருக்காது. நோயாளிச் சங்கங்கள் பலவற்றுக்கு மருந்து கம்பெனிகளே நிதி கொடுக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கயல்:
நோயாளி இல்லாத குழுவின் லட்சணத்தை 1960களிலேயே பார்த்தாயிற்று. அமெரிக்காவின் சியாட்டிலில் டயாலிசிஸ் இயந்திரங்கள் மிகக் குறைவு. யாருக்குக் கொடுப்பது என்று ஏழு பேர் முடிவு செய்தார்கள். வருமானம், குடும்பம், தேவாலயத்துக்குப் போகிற பழக்கம் வரை எடை போட்டார்கள். இடம் கிடைக்காதவர்களுக்கு மரணம்தான்.

நெடுமாறன்:
அது தனி ஆட்களைப் பொறுக்கி எடுத்த குழு. நான் பேசுவது பொது விதியைப் பற்றி. அதற்குப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டால் போதும்.

கயல்:
அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில் அதையும் செய்தார்கள். தொலைபேசியில் மக்களிடம் கேட்டு, எந்த உடல்நிலைக்கு எவ்வளவு மதிப்பு என்று கணக்குப் போட்டு, சிகிச்சைகளை வரிசைப்படுத்தினார்கள். ஊனத்தோடு வாழும் வாழ்க்கையை அந்தக் கணக்கு மட்டமாக மதிக்கிறது என்று சொல்லி, 1992இல் அமெரிக்க மத்திய அரசு அத்திட்டத்தை நிராகரித்தது. சக்கர நாற்காலியில் இருப்பவர் தன் வாழ்க்கைக்குப் போடும் மதிப்பெண், வெளியாள் போடுவதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

நெடுமாறன்:
அங்கேதான் சிக்கலே! பார்வை இழந்தவர் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அதிக மதிப்பெண் போட்டால், பார்வையை மீட்கும் சிகிச்சையால் கிடைக்கும் பலன் கணக்கில் சுருங்கிவிடும். உங்கள் வழியில் போனால் நோயாளிக்கே நஷ்டம்.

இளவேனில்:
நியாயமான கேள்வி. கயல், இதற்குப் பதில் சொல்லாமல் நகராதீர்கள்.

கயல்:
ஒத்துக்கொள்கிறேன், மதிப்பெண் போடுவதற்கு மட்டும் நோயாளியைக் கூப்பிட்டால் அந்த நஷ்டம் வரும். நான் கேட்பது அதற்கு முந்தைய கட்டத்தில் இடம்: எதை அளப்பது என்று தீர்மானிக்கும்போது. ஒருவரின் உடல்நிலைக்கு மதிப்பெண் போடப் பல நாடுகளில் பயன்படும் ஈக்யூ-5டி என்ற கேள்விப் படிவத்தில் நடமாட்டம், சுயபராமரிப்பு, அன்றாட வேலை, வலி, மனக்கவலை என ஐந்தே கேள்விகள். களைப்பு பற்றி ஒரு கேள்வியும் இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களைக் கேளுங்கள், களைப்பைத்தான் முதலில் சொல்வார்கள். படிவத்தில் இல்லாத வேதனையைக் குறைக்கும் சிகிச்சைக்கு எந்த நிபுணர் பணம் ஒதுக்குவார்?

நெடுமாறன்:
சரி, சாட்சியாக வரட்டும். வாக்குரிமை மட்டும் வேண்டாம்.

கயல்:
பிரேசிலில் 1990இலிருந்து சட்டப்படியே சுகாதார மன்றங்களில் பாதி இடம் பயனாளிகளுக்கு. ஒரே நோய்க்காரர்கள் மட்டும் அந்தப் பாதியை நிரப்பக் கூடாது, கம்பெனிப் பணம் வாங்குபவர் அதை வெளியே சொல்ல வேண்டும். இந்த இரண்டையும் விதியாக வைத்தால், வாக்குரிமை மறுக்க உங்களிடம் என்ன காரணம் மிச்சம்?