பாஷ் நிரலில் ஆகஸ்ட் மாதத்தில் தேதிக் கணக்கு பிழைப்பது ஏன்?

கேள்வி:
சென்ற மாதத்துப் பதிவுக் கோப்புகளைச் சுருக்கி வைக்கும் சிறு பாஷ் (லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் கட்டளைகளை இயக்கும் மொழி) நிரல் ஒன்று, தேதியைக் காட்டும் 'டேட்' கட்டளை தரும் மாத எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, ஜூலை வரை ஒழுங்காக இயங்கியது. ஆகஸ்ட் 1 அன்று, '08' என்ற மதிப்பு ஏற்கத்தக்கதன்று எனக் கூறி நின்றுவிட்டது. காரணம் என்னவாக இருக்கும்?

மறுமொழி 1:
பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைப் பாஷ் எட்டடிமான (0 முதல் 7 வரையுள்ள இலக்கங்களால் மட்டும் எழுதும்) எண்ணாகவே கொள்கிறது. அம்முறையில் 8, 9 என்ற இலக்கங்களே இல்லை. 01 முதல் 07 வரை இரு முறையிலும் மதிப்பு ஒன்றே என்பதால் பிழை வெளிப்படவில்லை. திருத்தாமல் விட்டாலும் அக்டோபரில் தானாகவே சரியாகிவிடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. கணக்கிடும் இடத்தில் மாறியின் பெயருக்கு முன் டாலர் குறியுடன் சேர்த்து '10#' என்று இட்டால், அது பத்தடிமான எண்ணாகக் கொள்ளப்படும்.

மறுமொழி 2:
அது சரியே, ஆயினும் ஜனவரியில் 1-இலிருந்து 1 போனால் பூஜ்யம்தான் மிஞ்சும், ஆண்டும் மாறாது. எனவே கழித்தலை 'டேட்' கட்டளையிடமே விடுவது நல்லது.

மறுமொழி 3:
அங்கும் ஒரு கண்ணி உண்டு. லினக்ஸில் வழக்கமாக உள்ள குனு 'டேட்' கட்டளையிடம் 2024 மார்ச் 31-க்கு ஒரு மாதம் முந்தைய நாளைக் கேட்டால், பிப்ரவரி 31 என்று கணக்கிட்டு, அப்படியொரு நாள் இல்லாததால் மார்ச் 2 என்று விடை தரும். முதலில் நாளை 15 என்று மாற்றிக்கொண்டு, அதன்பின் ஒரு மாதத்தைக் கழியுங்கள்.

கேட்டவர்:
அவ்வாறே மாற்றினேன், ஜனவரி 1, மார்ச் 31 ஆகிய தேதிகளைக் கொடுத்துப் பார்த்ததில் முறையே டிசம்பர், பிப்ரவரி எனச் சரியாக வருகிறது. நன்றி.