விடை 13-ஆ, −13-ஆ? அடைப்புக்குறியை நீக்குவதில் சந்தேகம்

நிலா அம்மா:
வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு. கோவையைச் சுருக்கும் கணக்கு ஒன்றில் இருவரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். புத்தகத்தில் எக்ஸ் என்று இருப்பதைத் தட்டச்சு வசதிக்காக ப என்று போடுகிறேன்.

7ப − 2(3ப − 4) − (ப − 5)

அவள் போட்டது: 7ப − 6ப − 8 − ப − 5. விடை −13. புத்தகத்தில் 13. குறி மட்டும் மாறியிருப்பதால் அச்சுப்பிழை என்று அடித்துச் சொல்கிறாள். அதோடு, விடையில் ப-வே இல்லையே, அப்படி வரலாமா? நாளைக்குத் தேர்வு.

கணக்கு வாத்தியார்:
புத்தகம் சரிதான் அம்மா. முதல் அடைப்புக்குறிக்கு முன்னால் இருப்பது வெறும் 2 இல்லை, −2. அந்தக் குறியோடு சேர்த்தே உள்ளே உள்ள ஒவ்வொரு உறுப்பையும் பெருக்க வேண்டும். −2 × 3ப = −6ப, இதைச் சரியாகப் போட்டிருக்கிறாள். −2 × −4 = +8, இங்கேதான் சறுக்கியிருக்கிறாள். இரண்டாவது அடைப்புக்குறிக்கு முன்னால் எண் தெரியாவிட்டாலும் −1 இருக்கிறது. பழகும்வரை −1(ப − 5) என்று எழுதியே போடட்டும்.

7ப − 6ப + 8 − ப + 5

ஒத்த உறுப்புகளின் (இங்கே ப உள்ளவை) கெழுக்கள், அதாவது ப-வுக்கு முன்னால் நிற்கும் எண்கள், 7 − 6 − 1 = 0, அதனால் ப போய்விடுகிறது. மாறிலிகள், அதாவது ப ஒட்டாத வெறும் எண்கள், 8 + 5 = 13. ப மிஞ்சாததில் தவறே இல்லை. ப-வுக்கு எந்த மதிப்பு கொடுத்தாலும் 13தான் வரும் என்று அர்த்தம். ப = 10 என்றால், 70 − 2(26) − 5 = 70 − 52 − 5 = 13.

நிலா அம்மா:
நன்றி சார். "கழிக்கத்தானே சொல்கிறார்கள், கூட்டல் எங்கிருந்து வந்தது?" என்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பாலிடெக்னிக் தம்பி:
அக்கா, எண்ணை மட்டும் வைத்துக் காட்டுங்கள். 20 − (8 − 5). உள்ளே 3, ஆக விடை 17. இப்போது அடைப்புக்குறியை எடுத்துவிட்டு 8-ஐ முழுசாகக் கழித்தால் 12. கழிக்க வேண்டியது 3தானே? 5 அதிகமாக எடுத்துவிட்டோம், அதைத் திருப்பித் தர வேண்டும். 12 + 5 = 17. அவள் முறைப்படி 20 − 8 − 5 என்று போட்டால் 7தான் வரும்.

நிலா அம்மா:
பிடித்துக்கொண்டாள்! அப்புறம் இன்னொன்று: 10 − 3(ப + 2). முதலில் 10 − 3 = 7 என்று கழித்து, 7(ப + 2) என்று எழுதியிருக்கிறாள்.

கணக்கு வாத்தியார்:
அந்த 3 அடைப்புக்குறியோடு பெருக்கலில் இருக்கிறது, பெருக்கலை முடித்த பிறகுதான் கழித்தல். 10 − 3ப − 6 = 4 − 3ப. அதோடு நிறுத்த வேண்டும். பல பிள்ளைகள் அதையும் சேர்த்து ப என்று ஆக்கிவிடுவார்கள். 4 மாறிலி, 3ப-வில் மாறி இருக்கிறது, அவை ஒத்த உறுப்புகள் இல்லை. சரிபார்க்க ப = 1 போடாதீர்கள்: 4 − 3 = 1 என்று வந்து, தவறான விடையும் சரிபோலத் தெரியும். ப = 2 போடுங்கள். கேள்வியில் 10 − 12 = −2, நம் விடையில் 4 − 6 = −2. வெறும் ப என்றால் 2, மாட்டிக்கொள்ளும்.