சமன் பண்ண விட்ட பிட்சருக்கே வின்னா? 2016 வேர்ல்ட் சீரிஸ் கேம் 7 பாக்ஸ் ஸ்கோர்

செந்தூல்பையன்:
வணக்கம். ஸ்கூல்ல சாப்ட்பால் விளையாடுனதால ரூல்ஸ் ஓரளவு தெரியும், பேஸ்பால் பாக்ஸ் ஸ்கோர் (மேட்ச் கணக்கு அட்டவணை) படிக்க இப்பதான் பழகுறேன். 2016 வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க மேஜர் லீக் பைனல், அதோட ஏழாவது மேட்ச்: சிகாகோ கப்ஸ் 8, கிளீவ்லாந்து 7, பத்து இன்னிங்ஸ். ஹிட் 13க்கு 11. எரர் 3க்கு 1, ஜெயிச்ச டீம்தான் அதிகம் பண்ணிருக்கு. அதெல்லாம் புரியுது, ஆனா பிட்சிங் பகுதில கப்ஸ் பிட்சர் சாப்மேன் பேருக்கு பக்கத்துல புளோன் சேவ்னு (லீட காப்பாத்த வந்து சமன் ஆக விட்டா போடுறது) இருக்கு, வின்னும் (ஜெயிச்சது இவர் கணக்குலன்னு) இருக்கு. எட்டாவதுல கிளீவ்லாந்து பேட்டர் ராஜே டேவிஸ்கிட்ட ஹோம் ரன் வாங்கி 6-6 ஆக விட்டதே அவர்தானே? கடைசில ஒரே ஒரு பேட்டருக்கு போட்ட கப்ஸ் பிட்சர் மான்ட்கமரிக்கு சேவ் (லீட காப்பாத்தி முடிச்சதுக்கு) வேற.

ஆயர்ஈத்தாம்காரன்:
தம்பி, யாரு நல்லா போட்டாங்கன்னு பாத்து வின் குடுக்கறது இல்ல. டீம் லீட் எடுத்து அத கடைசி வரைக்கும் விடாம ஜெயிக்குதுல்ல, அந்த லீட் வந்த நேரத்துல யாரு பிட்சரா இருந்தாரோ அவருக்குதான் போகும். நம்ம ஊர்ல அது வியாழக்கிழமை காலைல, நான் வேலைக்கு லீவு போட்டு பாத்தேன். ஒம்பதாவதும் சாப்மேன்தான் போட்டாரு, மூணு பேரு வந்தாங்க மூணு பேரும் அவுட், கை சோர்ந்து போயும் அப்படி போட்டாரு. அப்புறம் மழை, 17 நிமிஷம் நிப்பாட்டி வச்சாங்க. திரும்ப ஆரம்பிச்சதும் பத்தாவதுல கப்ஸோட ஸோப்ரிஸ்ட் டபுள், மொன்டேரோ சிங்கிள், 8-6. அப்ப கப்ஸ் கணக்குல இருந்தது சாப்மேன். தோல்வி கிளீவ்லாந்து பிட்சர் பிரையன் ஷாவுக்கு.

பழையகோச்:
இன்னொன்னு சேத்துக்கங்க. ரிலீவர் (நடுவுல மாத்தி வர்ற பிட்சர்) கொஞ்ச நேரமே வந்து மோசமா போட்டிருந்தா ஸ்கோரர் வின்ன வேற ஆளுக்கு மாத்தலாம், பொதுவா ஒரு இன்னிங்ஸுக்கு கம்மியா போட்டு ரெண்டு ரன் இல்ல அதுக்கு மேல குடுத்தவங்களுக்கு அது. சாப்மேன் போட்டது ஒரு இன்னிங்ஸும் மூணுல ஒரு பங்கும், அதனால தப்பிச்சாரு.

எட்டாவதுல விழுந்த மூணு ரன்ன நல்லா பாருங்க. சாப்மேன் வரும்போதே ராமிரெஸ் பேஸ்ல நிக்கிறாரு, கையர் டபுள் அடிச்சு ராமிரெஸ் ஓடி வந்த ரன் முன்னாடி போட்ட லெஸ்டர் கணக்கு, ஏன்னா ஏற விட்டது லெஸ்டர். அஞ்சாவதுல ஒரே வைல்ட் பிட்ச்ல (கேட்சர் பிடிக்க முடியாம போற வீச்சு) ரெண்டு பேரு ஓடி வந்தாங்களே, அதுல ஒரு ரன் முதல்ல போட்ட ஹென்ட்ரிக்ஸுக்கு, இன்னொன்னு லெஸ்டருக்கு, ஆனா நடுவுல கப்ஸ் கேட்சர் ராஸோட எரர் இருந்ததால ரெண்டுமே அன்எர்ன்ட் (பிட்சர் தப்பா எண்ணாத ரன்). அதே ராஸ் 39 வயசுல அடுத்த இன்னிங்ஸ்ல கிளீவ்லாந்தோட ஆண்ட்ரூ மில்லர்கிட்டயே ஹோம் ரன் அடிச்சாரு! எனக்கு இந்த மேட்ச்ல ரொம்ப பிடிச்ச வரி அதுதான்.

பிரிக்பீல்ட்ஸ்வாசி:
ரூல் சரி அண்ணே, ஆனா என்னால ஒத்துக்க முடியல. 2018ல டிக்ராம்னு ஒரு பிட்சர், இஆர்ஏ (ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுத்த எர்ன்ட் ரன்) 1.70, வின் பத்துதான், தோல்வி 9. அப்படியும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது குடுத்தாங்கன்னா ஓட்டு போட்டவங்களே வின்ன பெருசா எடுத்துக்கலன்னுதானே அர்த்தம்? பிட்சர எடை போட வின்ன பாக்கவே கூடாது.

செந்தூல்பையன்:
நன்றி எல்லாருக்கும். அப்ப மான்ட்கமரி சேவ்?

ஆயர்ஈத்தாம்காரன்:
பத்தாவதுல கிளீவ்லாந்து ஒரு ரன் எடுத்து 8-7, ரெண்டு அவுட், டேவிஸ் பேஸ்ல. சமன் பண்ற ரன் பேஸ்ல நிக்கும்போது வந்தா ஒரு பேட்டர் போதும், அதுக்குதான் சேவ். மேஜர் லீக்ல அவருக்கு அதுதான் முதல் சேவ் தம்பி, கோப்பைக்கு 108 வருஷம் காத்திருந்த டீமுக்கு.