சூப்பர் மார்க்கெட் அனுப்பும் விற்பனைக் கணக்கை வைத்து மாவு சப்ளையை எப்படிச் சரிசெய்வது?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, புதுச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் ஆறு கிளைகளுக்குக் கொடுக்கிறோம். இதுவரை கிளை இன்சார்ஜ் முந்தின நாள் ராத்திரி போனில் சொல்வதுதான் ஆர்டர். அவர் 60 என்றால் 60. நாலாம் நாள் உப்பிப்போன பாக்கெட் பதினைந்து திரும்பி வரும், அது நம் தலையில். போன மாதத்திலிருந்து தினமும் காலையில் அவர்களே ஒரு எக்செல் அனுப்புகிறார்கள்: கிளை, பார்கோடு, பில் நேரம், எத்தனை பாக்கெட், கடை மூடும்போது எவ்வளவு ஸ்டாக். நானும் மகளும் உட்கார்ந்து ஏழு நாள் சராசரி எடுத்து, அதன்படியே வண்டி ஏற்றினோம். ரிட்டர்ன் குறைந்தது, உண்மைதான். ஆனால் விற்பனையும் வாராவாரம் இறங்குகிறதே, எங்கே தப்பு செய்கிறோம்?

ரூட்டு சேல்ஸ்:
அண்ணா, நீங்கள் எடுத்தது விற்றதன் சராசரி, ஜனங்கள் கேட்டதன் சராசரி இல்லை. 40 வைத்தீர்கள், அத்தனையும் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிட்டது என்றாலும் ஷீட்டில் 40 என்றுதான் இருக்கும். அதற்கப்புறம் வந்து, பிரிட்ஜைப் பார்த்துவிட்டு வேறு கம்பெனி மாவை எடுத்துப் போனவர் உங்கள் எக்செல்லில் வரவே மாட்டார். அந்த 40-ஐயும் மந்தமான நாளின் 26-ஐயும் கூட்டி வகுத்து 33 அனுப்பினால், அடுத்த வாரம் 33-க்கு மேல் எப்படி விற்கும்? இரவு ஸ்டாக் பூஜ்யமாக இருக்கும் நாளைத் தனியாக எடுத்து வைத்து, கடைசி பாக்கெட் எத்தனை மணிக்கு பில் ஆனது என்று பாருங்கள். ராத்திரி ஒன்பதுக்குத் தீர்ந்தால் பரவாயில்லை. மதியத்துக்குள் தீர்ந்தால் சாயங்காலக் கூட்டம் போச்சு, மாவுக்கு அப்போதுதானே வியாபாரமே.

பில் கவுண்டர்:
நான் கடையில் பில் போடுகிறவன், உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். உங்களிடம் ராகி மாவும் அதே விலையில் இருக்கிறதா? கூட்ட நேரத்தில் இரண்டு இட்லி மாவு, ஒரு ராகி என்று வந்தால் ஒன்றையே ஸ்கேன் செய்து மூன்று என்று தட்டிவிடுவோம். பணம் சரியாக இருக்கும், உங்கள் கணக்குதான் நாறிவிடும். அதை நம்பி ராகியை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம், ஒழுகின பாக்கெட்டைப் பையன் குப்பையில் போட்டிருப்பான், டேமேஜ் என்ட்ரி போட்டிருக்க மாட்டான். சிஸ்டத்தில் 6 இருக்கும், பிரிட்ஜில் ஒன்றும் இருக்காது. இரண்டு நாளாக அதே 6 நின்று, பில்லும் இல்லை என்றால் வண்டிக்காரரை எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய டிப்போ:
நான் 28 வருடம் கம்பெனி டிப்போவில் குப்பை கொட்டியவன். இது உங்கள் மாவுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. புராக்டர் அண்ட் கேம்பிளுக்குப் பாம்பர்ஸ் டயபரில் இதேதான். குழந்தைகள் என்னவோ எப்போதும்போலத்தான் நனைத்தன, கடை விற்பனையில் பெரிய ஏற்ற இறக்கமில்லை, ஆனால் விநியோகஸ்தர்களிடமிருந்து வந்த ஆர்டர் மட்டும் கண்டபடி ஏறி இறங்கியது. ஆளாளுக்குக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்வதால் வரும் இந்த ஆட்டத்துக்குப் புல்விப் எஃபெக்ட் என்று பெயர். உங்கள் இன்சார்ஜின் 60-ம் அந்த ரகம்தான். வால்மார்ட் 1991-லேயே ரீட்டெய்ல் லிங்க் என்று ஆரம்பித்து, கடைவாரியான விற்பனையையும் ஸ்டாக்கையும் சப்ளையர்களுக்குக் காட்டியது. ஆனால் தம்பி, யாரும் சும்மா கணக்கைத் திறந்து காட்டுவதில்லை. எவ்வளவு வைப்பது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள் என்பார்கள், மிஞ்சினால் முழு நஷ்டமும் உங்களுக்கு. ரிட்டர்ன் யார் பொறுப்பு என்பதை இப்போதே எழுதி வாங்கிவிடுங்கள்.

முத்தியால்பேட்டை அம்மா:
கிழமையை மட்டும் பார்க்காதீர்கள், தினசரி காலண்டரையும் பாருங்கள். அமாவாசை, கிருத்திகை என்றால் எங்கள் வீட்டில் ராத்திரி டிபன்தான். தெருவே அப்படி. அன்று ஏழு மணிக்குப் போனால் மாவு இருக்காது.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. வில்லியனூர் கிளையை மட்டும் இப்போது பிரித்துப் பார்த்தோம். கடந்த நாலு ஞாயிற்றுக்கிழமையும் கடைசி பில் 9.40, 10.15, 9.50, 10.05, எல்லாமே காலை. அங்கே ஞாயிறு ஆள் வராது என்று 20 பாக்கெட் குறைத்தது நான்தான். இந்த ஞாயிறு 55 ஏற்றச் சொல்லிவிட்டேன். ராகிக்கும் இட்லி மாவுக்கும் ஒரே எம்ஆர்பி, அதைச் சொன்னதும் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.