மறுமொழி: 'கோட்டிங்' என்பதற்குத் 'துலக்கம்' பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய சோவியத் கேமரா லென்ஸ்களைப் பற்றித் தமிழில் எழுதிவரும் நண்பர், லென்ஸின் கண்ணாடிமேல் மெல்லியதாகப் படியவைக்கும் 'கோட்டிங்'குக்குத் தமிழ்ச்சொல் கேட்டிருந்தார். இதுவரை வந்தவை பூச்சு, மேற்பூச்சு, முலாம், மென்படலம், எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு. ஐந்தையும் வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு நிறைவில்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுவருக்குப் பூச்சு உண்டு, பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயப்பூச்சு உண்டு. முலாம் என்றால் உள்ளே இருப்பதை மறைத்துப் பளபளப்புக் காட்டுவது. கண்ணில் படலம் என்றாலே பார்வை மங்குகிறது என்று அர்த்தம். கண்ணாடிமேல் ஏதோ ஒன்று படிந்திருக்கிறது என்பதோடு இந்தச் சொற்கள் நின்றுவிடுகின்றன. அது ஒளியை என்ன செய்கிறது என்ற இடத்துக்கு வருவதே இல்லை. ஐந்தாவது சொல் அதைச் சொல்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது. போதாததற்கு, தமிழ்நாட்டுப் பாடநூலில் எதிரொளிப்பு என்பது இலங்கைப் பாடநூலில் தெறிப்பு. அந்த நீளச் சொல்லை இரண்டு வடிவில் எழுதவேண்டி வரும்.

என்னிடம் ஹீலியோஸ் 44-2 என்ற சோவியத் லென்ஸ் ஒன்று இருக்கிறது. குவியத் தூரம் 58 மில்லிமீட்டர், துளை எஃப் 2 (அதாவது குவியத் தூரத்தில் பாதி அகலம்), பயோட்டார் என்ற ஜெர்மன் லென்ஸின் வழியில் வந்தது. நேற்றிரவு டியூப்லைட்டுக்குக் கீழே அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கின் சின்னச் சின்னப் பிம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தெரிகின்றன. பெரும்பாலானவை கத்தரிப்பூ நிறம். இரண்டு மட்டும் தேன் நிறம். வெள்ளையாக ஒன்றுகூட இல்லை. பூச்சே இல்லாத பரப்பாக இருந்தால் பிம்பம் வெள்ளையாகத்தான் தெரியும்.

இந்த லென்ஸில் ஆறு கண்ணாடிகள்; சில ஒன்றோடொன்று ஒட்டியவை என்பதால் நான்கு தொகுதிகள். அதாவது காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. வெறும் கண்ணாடியாக இருந்தால் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும்; ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடியில் 5, 6 சதவீதம்கூடப் போகும். எட்டுப் பரப்பையும் தாண்டி ஃபிலிமை அடைவது நூற்றுக்கு 72தான். மீதி அத்தனையும் வெளியே போய்விட்டாலும் பரவாயில்லை. ஒரு பங்கு பரப்புக்குப் பரப்பு மோதித் திரும்பி, கடைசியில் படத்தின் மேலேயே மூட்டமாக வந்து விழுகிறது. கருப்பு சாம்பலாவது அதனால்தான். ஜூப்பிட்டர்-8 என்ற சோவியத் லென்ஸ் பின்பற்றிய சோனார் அமைப்பை வகுத்த ஜெர்மானியர் லுட்விக் பெர்ட்டெலே, கண்ணாடிகளை ஒட்டி ஒட்டிக் காற்றைத் தொடும் பரப்புகளை ஆறாகக் குறைத்ததற்கு இந்தத் தொல்லையே காரணம். அவர் அதை வகுத்தபோது இந்தப் பூச்சு புழக்கத்தில் இல்லை.

பூச்சு செய்வது இதுதான். கண்ணாடியின் மேல் சுமார் 100 நானோமீட்டர் தடிமனுக்கு மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற ஒரு பொருளைப் படியவைக்கிறார்கள். படலத்தின் மேற்பரப்பில் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் திரும்பும் ஒளியும் அரை அலை முன்பின்னாகி ஒன்றையொன்று அணைத்துக்கொள்கின்றன. திரும்ப வழியில்லாத ஒளி உள்ளே போகிறது. இந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். வெளியே போகவிருந்த ஒளியை உள்ளே சேர்ப்பதுதான் அதன் வேலை, 'தடுப்பு' என்பது அதில் பாதிதான்.

அப்புறம், ரஷ்யர்கள் இதை என்னவென்று அழைக்கிறார்கள் தெரியுமா? 1950களின் ஜூப்பிட்டர் லென்ஸ்களின் முன்வளையத்தில் சிவப்பாக ஒரு எழுத்து இருக்கும். இரண்டு கால் நட்டு மேலே ஒரு கட்டை வைத்த வாசல்நிலை மாதிரி. அது ரஷ்யப் பகரம். ப்ரஸ்வெத்லேனியே என்ற சொல்லின் முதலெழுத்து. அதன் நடுவில் இருக்கும் ஸ்வெத் என்றால் ஒளி. ஒளிபெறச் செய்தல், தெளியவைத்தல் என்று பொருள். பூசுதல் என்ற எண்ணமே அந்தச் சொல்லில் இல்லை. ஜெர்மானியர் சொல்லும் ஃபெர்கூட்டுங் மேம்படுத்துவதைக் குறிக்கிறது. ஆங்கிலேயர் ஒரு காலத்தில், பழத்தோலில் மாவு பூத்திருக்குமே, அந்தப் பூப்பைக் குறிக்கும் ப்ளூம் என்ற சொல்லை வைத்திருந்தார்கள். மூன்று மொழியும் மூன்று பக்கமாகப் பார்த்திருக்கின்றன. சோவியத் லென்ஸைப் பற்றி எழுதும்போது ரஷ்யப் பார்வையை எடுத்துக்கொள்வதில் ஒரு நியாயமும் இருக்கிறது.

என் பரிந்துரை: துலக்கம். துலங்கு என்றால் தெளிவாகத் தெரி, ஒளிவிடு. துலக்கு என்றால் துலங்கச் செய்.

வரக்கூடிய மறுப்புகளையும் நானே சொல்லிவிடுகிறேன். துலங்கல் என்ற சொல் உளவியலில் தூண்டல்-துலங்கல் என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. சரி, அதைத் தொடவேண்டாம்; துலக்கம் காலியாகத்தான் இருக்கிறது. பெரிய மறுப்பு வேறு. துலக்குதல் என்றால் வீட்டில் எல்லோருக்கும் பாத்திரம் துலக்குவது, பல் துலக்குவது. தேய்த்து எடுப்பதைச் சொல்லும் வினையை, மேலே ஒன்றைச் சேர்ப்பதற்கு வைக்கலாமா?

இதை நினைத்துத்தான் இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் வரலாறு அந்தச் சொல்லின் பக்கம் நிற்கிறது. 1890களில் ஹரோல்டு டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய லென்ஸ் வல்லுநர், களிம்பேறியதுபோல் கறைபட்ட பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிடக் கூடுதலாக ஒளியை விடுகின்றன என்று கவனித்தார். அமிலத்தால் அதைச் செயற்கையாகச் செய்யும் வழிக்கு 1904இல் காப்புரிமை எடுத்தார். கண்ணாடியின் மேல்தோலிலிருந்து கொஞ்சத்தை அரித்து எடுத்ததுதான் முதல் துலக்கம்! வெற்றிடத்தில் படியவைக்கும் முறை பிறகு வந்தது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாக்குலா 1935இல் கண்டது. சோவியத் நாட்டில், லெனின்கிராடு அரசு ஒளியியல் நிலையத்தில் இந்தத் துறைக்கு வழிகாட்டிய வேதியியலர் இலியா கிரெபென்ஷிகோவ். கண்ணாடியையும் உலோகத்தையும் மெருகேற்ற ரஷ்யாவில் இன்றும் விற்கும் பச்சைப் பசை, அந்த நிலையத்தின் ரஷ்யப் பெயரின் முதலெழுத்துகளாலேயே கோய் பசை எனப்படுவது, அவர் தலைமையில் உருவானது. தேய்த்துத் துலக்கும் பசையும் ஒளி துலங்கும் படலமும் ஒரே கையிலிருந்து வந்திருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் ஒரே வேர் இருப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

சொல் நிற்குமா என்பது வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசும்போதுதான் தெரியும். "முன்கண்ணாடியில் துலக்கம் தேய்ந்திருக்கிறது." "இது துலக்கமிடாத இண்டஸ்டார்." "ஹீலியோஸ் 44எம் வரிசையின் பிந்தைய லென்ஸ்கள் பல்லடுக்குத் துலக்கம்." எனக்கு நாக்கில் நன்றாகவே உட்காருகிறது. முதல் தடவை துலக்கப்படலம் என்று எழுதிவிட்டு, பிறகு துலக்கம் என்று சுருக்கலாம். பூச்சு பொதுச்சொல்லாக இருக்கட்டும். ஆடியின் பின்னால் இருக்கும் வெள்ளிக்கும், நீர் ஒட்டாமலிருக்கப் பூசுவதற்கும் அது வேண்டும்.

நிறத்தைப் பற்றி நண்பர் கேட்டதற்கும் இங்கேயே பதில். ஓரடுக்குத் துலக்கம் ஒரு நிறத்துக்குத்தான் முழுதாக வேலை செய்யும். பச்சைக்கு அளவெடுத்தால் மிஞ்சித் திரும்பும் சிவப்பும் நீலமும் கலந்து கத்தரிப்பூ நிறம். படலம் மெல்லியதானால் தேன் நிறம், தடித்தால் நீலம். ஆகவே ஒரே பெயருள்ள இரண்டு லென்ஸ்கள் வேறு வேறு நிறம் காட்டினால் போலி என்று முடிவுகட்டவேண்டாம். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பழைய துலக்கங்கள் மென்மையானவை. என் முதல் ஜூப்பிட்டரை வேட்டி நுனியால் துடைத்துத் துடைத்து நடுவில் ஒரு வெளிறிய வட்டம் விழுந்துவிட்டது. இன்னும் மனசு ஆறவில்லை. கட்டுரையில் 'துலக்கத்தைத் துலக்காதீர்கள்' என்று ஒரு வரி கட்டாயம் சேருங்கள்.

இன்னும் இரண்டு சொற்கள். பழைய லென்ஸ்களின் கண்ணாடிக்குள் இருக்கும் காற்றுக்குமிழிக்குப் புதுச்சொல் தேவையில்லை, குமிழி போதும். என் ஹீலியோஸில் ஒளி நுழையும் 29 மில்லிமீட்டர் அகல வழியில் 0.3 மில்லிமீட்டர் குமிழி ஒன்று அடைப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. படத்தில் அது தெரியாது. கண்ணாடியின் தரத்தை அதைக்கொண்டு அளப்பது வீண். இரண்டாம் உலகப் போருக்குப் பின் முதலில் ஜெர்மன் கண்ணாடியில் செய்த லென்ஸ்களைப் பிறகு உள்நாட்டுக் கண்ணாடிக்கு ஏற்ப மறுபடி கணக்கிட்டார்கள், தரத்தைப் பேசவேண்டிய இடம் அதுதான்.

படத்தின் மேல் வந்து விழும் அந்த வெளிறலுக்கு 'ஒளிமூட்டம்' என்று வைத்திருக்கிறேன். ஒளிக்கசிவு என்று முன்பு ஒருவர் சொன்னார். ஆனால் கேமரா உடம்பில் ஓட்டை இருந்து உள்ளே வரும் ஒளிக்கு அந்தச் சொல் வேண்டியிருக்கிறது. இலங்கை நண்பர்கள் துலக்கம், ஒளிமூட்டம் என்ற இரண்டு சொல்லும் அங்கே எப்படி ஒலிக்கின்றன என்று சொன்னால், நண்பர் அடுத்த பத்தியை எழுதிவிடுவார்.