ஏசி ரூம்ல ரெண்டு பேரு, ஈபி பில்லு மட்டும் நாலு பேருக்கா?

ஃபேன்ரூம்_வேளச்சேரி:
வேளச்சேரில 2 பிஹெச்கே, நாங்க நாலு பேரு, காலேஜ்லேர்ந்தே பழக்கம். ஒரு பெட்ரூம்ல ஏசி, அதுல ரெண்டு பேரு, நானும் இன்னொருத்தனும் ஃபேன் ரூம். வாடகைல பிரச்சனை இல்ல, ஏசி ரூம்காரங்க ஆளுக்கு ஆயிரம் ஜாஸ்தி குடுக்கறாங்க, வீடு பாக்கும்போதே பேசிட்டோம். ஈபி பத்தி அப்ப யாருக்கும் தோணல, நாலா பிரிச்சு குடுத்துட்டே வந்தோம். இப்ப வெயில் பில்லு 640 யூனிட்னு வந்திருக்கு. போன டிசம்பர் ஜனவரில 350 தான். இதையும் நாலாவே பிரிங்கடான்னு அவங்க சொல்றாங்க, கேட்டா ஃப்ரிட்ஜ் வாஷிங் மெஷின் எல்லாரும் தானே யூஸ் பண்றோம்னு பதில் வருது. இது போதாதுன்னு என் ரூம்மேட் வெள்ளிக்கிழமை ராத்திரி விழுப்புரம் கிளம்பினா திங்கக்கிழமை காலைல தான் வருவான், அவன் சமையல் அக்கா சம்பளத்துல எனக்கு குறைங்கன்னு ஆரம்பிச்சிட்டான். நாலு பேரும் நல்ல பசங்க, காசால முகத்த தூக்கி வெச்சுக்கறது கஷ்டமா இருக்கு. உங்க வீட்ல எப்படி பிரிக்கறீங்க?

பெருங்குடி_பேச்சுலர்:
ப்ரோ, நாலா பிரிக்கறது இதுல நியாயமே இல்ல. நம்ம ஊர் ஈபி கணக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருவாட்டி, முதல் 100 யூனிட் ஃப்ரீ, அதுக்கு மேல போகப் போக யூனிட் ரேட் ஏறிட்டே போகும். முக்கியமா 500 தாண்டிட்டா 101லேர்ந்து 200 வரைக்கும் கிடைக்கற குறைஞ்ச ரேட்டும் போயிடும். அதாவது ஏசி ஓடின யூனிட்டுக்கு மட்டும் ஜாஸ்தி இல்ல, நீங்க ஃபேன் போட்ட யூனிட்டுக்கும் சேர்த்து ஜாஸ்தி. ஈபி வெப்சைட்ல பில் கால்குலேட்டர் இருக்கு. அதுல 640 போட்டு ஒரு தொகை எடுங்க, அப்புறம் ஏசி இல்லாம எவ்ளோ ஆகியிருக்கும்னு ஒரு நம்பர் போடுங்க. வெயில் காலத்துல ஃபேன், ஃப்ரிட்ஜ் கூட ஓடும், அதனால 350 வேணாம், 390ன்னு வெச்சுக்கோங்க. 390க்கு வர்றத நாலா பிரிங்க, மீதி வித்தியாசம் மொத்தமும் ஏசி ரூம்காரங்களுக்கு.

குரோம்பேட்டை_ரூம்மேட்:
மேல சொன்னவர் கணக்கு சரிதான், ஆனா முழுசா ஒத்துக்க மாட்டேன். 500 தாண்டினதுக்கு ஏசி மட்டும் தான் காரணம்னு எப்படி சொல்றது? ஃபேன் ரூம்ல யாராச்சும் ராத்திரி இண்டக்‌ஷன் அடுப்புல மேகி பண்றாங்களா, வீட்லேர்ந்தே வேலைன்னு நாள் பூரா சிஸ்டம் ஓடுதா, அதையும் பாக்கணும்ல. எங்க வீட்ல ஏசி ரூம் நான் தான். எனக்கு பக்கத்து ரூம் பசங்க மே மாசம் வந்தா எங்க ரூம்ல தான் பாய் போட்டு படுப்பாங்க, அப்ப மொத்தத்தையும் என் தலைல கட்டினா எனக்கும் வலிக்கும். ஏசி காத்துல யார் யார் தூங்கினாங்களோ அவங்களுக்கு தான் அந்த வித்தியாசம். உங்க வீட்ல அந்த மாதிரி நடந்துச்சான்னு முதல்ல யோசிங்க ப்ரோ.

துரைப்பாக்கம்_லதா:
விழுப்புரம் தம்பி விஷயத்துக்கு வரேன், ஈபிய பத்தி மட்டுமே எல்லாரும் பேசறீங்க. சமையல் அக்கா சம்பளம் வாடகை மாதிரி தான். அவர் இல்லாத சனி ஞாயிறும் அந்த அக்கா வந்து நின்னு சமைச்சுட்டு தானே போறாங்க, அதுல குறைக்க கேக்கறது தப்பு. ஆனா காய்கறி, பால், முட்டை, கேன் தண்ணி இதுல குறைக்கணும், சாப்பிடாதவர் கிட்ட வாங்கறது நியாயம் இல்ல. நாங்க மூணு பொண்ணுங்க. கேன் போடற அண்ணா வந்தா கிச்சன் கதவுக்குப் பின்னாடி ஒட்டின காலண்டர்ல ஒரு கோடு, யாராச்சும் ஊருக்கு போனா அந்த தேதில அவங்க பேரோட முதல் எழுத்து. மாசக்கடைசில அதப் பாத்து செலவு பிரிக்கற ஸ்ப்ளிட்வைஸ் ஆப்ல ஏத்திடுவோம், 5ஆம் தேதிக்குள்ள ஜிபே. இன்னொண்ணு, எங்கள்ல ஒருத்திக்கு வேலை போயிருந்தப்ப மளிகைய மத்த ரெண்டு பேரும் பாத்துக்கிட்டோம், அத ஆப்ல ஏத்தவே இல்ல. அப்படி செய்யறதா இருந்தா கடனா இல்ல சும்மாவான்னு அன்னிக்கே வாய் தொறந்து சொல்லிடுங்க, சொல்லாம விட்டா வாங்கினவங்களுக்கு தான் ரொம்ப உறுத்தும்.

ஃபேன்ரூம்_வேளச்சேரி:
எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். ஏசி ரூம்ல நாங்க படுக்கறது இல்ல, ஆனா என் ரூம்மேட் இண்டக்‌ஷன் யூஸ் பண்றது உண்மை, அத நான் யோசிக்கல. லதா அக்கா சொன்ன காலண்டர் ஐடியா அவனுக்கும் ஓகே, சம்பளத்த பத்தி இனிமே கேக்கலன்னுட்டான். இந்த பில்லுக்கு 390 கணக்கு போட்டு காமிச்சேன், ஏசி பசங்க 420ன்னு வெச்சுக்கலாம்னாங்க, சரின்னுட்டோம். அடுத்த பில்லுக்கு குத்துமதிப்பு வேணாம்னு பாக்கறேன், ஏசிக்கு மட்டும் தனியா மீட்டர் போட முடியுமா?

பெருங்குடி_பேச்சுலர்:
தாராளமா. சப் மீட்டர்னு பாரிஸ் கார்னர்ல எலக்ட்ரிகல் கடைங்கள்ல கேளுங்க, சிங்கிள் ஃபேஸ் போதும். ஏசிக்கு போற லைன்ல எலக்ட்ரீஷியன் மாட்டிடுவாரு, வெளில இருக்கற ஈபி மீட்டர்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. ஹவுஸ் ஓனர் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுடுங்க. ஈபி ஆள் ரீடிங் எடுக்கற அன்னிக்கே சப் மீட்டரையும் ஃபோட்டோ எடுத்து உங்க வாட்ஸப் க்ரூப்ல போட்டுடுங்க, நாள் தள்ளிப் போனா கணக்கு ஒட்டாது.