பல்ப் பாடினப்போ நான் பாத்ததெல்லாம் ஜனங்க மூஞ்சி

ஈரோட்டுக்காரன்:
இங்கிலாந்துல ஒரு பண்ணையில நடக்கற இசைத் திருவிழா கிளாஸ்டன்பரி, 2025, சனிக்கிழமை சாயங்காலம், அங்க மெயின் மேடையான பிரமிட் ஸ்டேஜ். லிஸ்ட்ல 'பேட்ச்வொர்க்'னு ஒரு பேரு போட்டிருந்தாங்கல்ல, அது பல்ப் பேண்டு தான்னு பண்ணை பூரா பேசிக்கிட்டு இருந்தாங்க, அதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் ஆக்ஸ்ஃபாம்ங்கற தொண்டு நிறுவனத்தோட வாலண்டியரா போயிருந்தேன். ஷிஃப்ட் முடிஞ்சதும் கேட்டுல இருந்து ஒரே ஓட்டம், வெஸ்ட்டைக் கழட்டணும்னு கூடத் தோணல. காலேஜ்ல கேசட் தேயத் தேயக் கேட்ட பேண்டுங்க, அந்த ஓட்டம் ஓடலைன்னாத்தான் ஆச்சரியம். மொதல்ல மழைக்கோட்டு மாட்டுன நாலஞ்சு பேரு மேடையில வந்து சும்மா நின்னு எல்லாரையும் கொழப்புனாங்க, அப்புறம் பாடகர் ஜார்விஸ் காக்கர் வந்தாரு. 61 வயசு, அதே கண்ணாடி, அதே கை ஆட்டம். சரி அது எல்லாம் டிவில பாத்திருப்பீங்க.

சொல்ல வந்தது 'காமன் பீப்பிள்' பத்தி. கடைசிப் பாட்டு. அந்த கீபோர்டு ஆரம்பிச்சதும் கூட்டமே கத்துது, அந்நேரம் யாரோ என் வெஸ்ட்டைப் புடிச்சு இழுக்கறாங்க. குனிஞ்சு பாத்தா ஏழெட்டு வயசுல ஒரு பாப்பா. காதுல பெரிய ஊதா கலர் ஹெட்ஃபோன், அழுகைகூட இல்ல, அப்பாவைக் காணோம்னு மட்டும் சொல்லுது. கையில குழந்தைங்களுக்குக் கட்டற பட்டையில பேனாவுல நம்பர் எழுதியிருக்கு, வேர்வையில கலைஞ்சு போய் கடைசிக்கு முந்தின எண்ணு 3ஆ 8ஆன்னே தெரியல. ரெண்டையும் போட்டுப் பாத்தேன், அத்தனை ஜனத்துல நெட்வொர்க் எங்க கெடைக்கும். தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டுக் கூட்டத்தைப் பொளந்துக்கிட்டுப் பின்னாடி நடந்தேன். முப்பது வருஷமாக் காத்திருந்த பாட்டு முதுகுக்குப் பின்னாடி ஓடுது, எனக்கு எதிர்ல ஆயிரக்கணக்கான மூஞ்சி, அத்தனையும் வாயைப் பொளந்து பாடுது, ஒருத்தர் கண்ணும் என்னைப் பாக்கல. மேல ரெட் ஏரோஸ்னு விமானப்படையோட சாகச விமானங்க பறந்துச்சே, அது வந்ததே எனக்குத் தெரியாது, பாப்பா என் தலையைத் தட்டித் தட்டிக் காமிச்சுது. ரெக்கார்டிங் ரெண்டு தடவை போட்டுப் பாத்துட்டேன், ஆனா அது நான் இருந்த இடம் மாதிரியே இல்ல.

மூர்மார்க்கெட்:
பேண்டு பேருக்கு ஏத்த மாதிரி நல்லா வாங்கியிருக்கீங்க பாஸ். ஆனா ஒண்ணு கேக்கறேன், ஷிஃப்ட் முடிஞ்சப்புறமும் வெஸ்ட்டு போட்டுக்கிட்டு கூட்டத்துல நின்னா பாத்ரூம் எங்கன்னும் கேப்பாங்க, பாப்பாவும் வரும், இதுல மனசு உறுத்த என்ன இருக்கு? அப்புறம் 2025 செட்டை இவ்ளோ தூக்கி வெச்சுப் பேசறதும் கொஞ்சம் ஓவர். பல்ப்னா 1995 தான். அந்த வருஷக் கிளாஸ்டன்பரியில பாட வேண்டிய ஸ்டோன் ரோசஸ் பேண்டோட கிடாரிஸ்ட் ஜான் ஸ்கொயர் சைக்கிள்ல விழுந்து காறை எலும்பை ஒடைச்சுக்கிட்டாரு, அதனால கடைசி நேரத்துல இவங்களைக் கூப்பிட்டாங்க, அங்க இருந்துதான் ஆளே வேற ஆனாங்க. நான் அதை நேர்ல பாக்கல, ஒத்துக்கறேன், ஆனா வீடியோவுல பாத்தாலே ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

பினாங்குப் பையன்:
நேர்ல பாக்காதவரு நேர்ல நின்னவருக்குக் கிளாஸ் எடுக்கறாரு, நடக்கட்டும். நான் சொல்றது அதே கிளாஸ்டன்பரி, 1997, ரேடியோஹெட் பேண்டு. அப்போ பிரிஸ்டல்ல படிச்சிக்கிட்டிருந்தேன். அந்த வருஷத்துச் சேறைப் பத்தி யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, இன்னொரு ஸ்டேஜே உள்ள எறங்கிடுச்சு. அவங்களோட 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பம் அந்த மாசம்தான் வந்திருந்துச்சு, எங்க ஹாஸ்டல்ல ஒரே சிடி, ஆளாளுக்கு மாத்தி மாத்திக் கேட்டோம். மேடையில மானிட்டர் ஸ்பீக்கர் வேலை செய்யாம பாடகர் தாம் யார்க்குக்குத் தான் பாடறதே கேக்கல, லைட்டு வேற கண்ணுல அடிக்குது, ஆளு எறங்கிப் போயிடுற நெலமை. கீழ நிக்கற எங்களுக்கு அது ஒண்ணும் தெரியாது, இந்த மனுஷன் ஏன் இவ்ளோ கோவமாப் பாடறாருன்னுதான் நெனச்சேன். திடீர்னு அவரு லைட்டுக்காரங்க கிட்ட ஜனங்க பக்கம் லைட்டைப் போடச் சொன்னாரு. அதுவரைக்கும் இருட்டுல யாரோட நிக்கறேன்னே தெரியாம நின்னவன், பக்கத்துல பாத்தா ஒரு தாத்தா, தாடி முழுக்கச் சேறு, குப்பைப் பையைச் சட்டையாப் போட்டுக்கிட்டு நிக்கறாரு, என்னைப் பாத்து வணக்கம் சொல்ற மாதிரி தலையை ஆட்டினாரு. அவ்ளோதான். அந்த கச்சேரியோட செட்லிஸ்ட் மறந்துடுச்சு, அந்தத் தாடி மறக்கல. அதனால ஈரோட்டு நண்பர் சொல்றது எனக்கு நல்லாப் புரியுது.

கூடாரம்:
எல்லாக் கதையும் சூப்பர். நானும் 2017ல ரேடியோஹெட் பாத்தேன், கடைசில 'கர்மா போலீஸ்' பாட்டு முடிஞ்சும் ஜனம் அதோட கடைசி வரியை விடாமப் பாடிக்கிட்டே இருந்துச்சு, செமயா இருந்துச்சு. ஆனா இதைப் படிச்சுட்டு நாளைக்கே கிளம்பறவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிடறேன். 2026ல நிலத்துக்கு ஓய்வுன்னு திருவிழாவே கிடையாது, அந்த வருஷத்துக்கு டிக்கெட்னு யாராவது வித்தா மோசடி. மொதல்ல போட்டோவோட ரெஜிஸ்டர் பண்ணணும், அது இல்லாம டிக்கெட்டே வாங்க முடியாது, ஒருத்தர் பேருல வாங்கினதை இன்னொருத்தருக்கு மாத்தவும் முடியாது. 2025க்கு டிக்கெட் 373.50 பவுண்ட், புக்கிங் சார்ஜ் அஞ்சு பவுண்ட் தனி, முன்பணம் 75. 2024 நவம்பர்ல வியாழக்கிழமை சாயங்காலம் கோச் பஸ்ஸோட சேர்ந்த டிக்கெட், ஞாயித்துக்கிழமை காலைல 9 மணிக்கு மத்தது, அரைமணி நேரம் சொச்சத்துல எல்லாம் காலி. ஆறு பேரு வரைக்கும் ஒண்ணா வாங்கலாம்ங்கறதால ஆறு பேரும் ஆளுக்கொரு பக்கம் ஒக்காந்து ட்ரை பண்ணுங்க, க்யூவுக்குள்ள போனப்புறம் பேஜை ரிஃப்ரெஷ் பண்ணித் தொலைக்காதீங்க. ரயில்ல வந்தா காசில் கேரி ஸ்டேஷன், அங்க இருந்து பஸ் விடறாங்க. கண்ணாடி பாட்டில் உள்ள விட மாட்டாங்க, தண்ணி பிடிக்கக் குழாய் இருக்கு, வெறும் பாட்டில் எடுத்துட்டுப் போங்க. பூட்ஸ் ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, உள்ள ரெண்டு சாக்ஸ். மெயின் ஸ்டேஜ் பக்கத்துலயே டென்ட் போட்டா தூக்கம் போச்சு. ஊறுகாய் பாக்கெட் பத்து எடுத்துக்கங்க, மூணாம் நாள் எனக்கு நன்றி சொல்வீங்க. பன்னண்டு வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு ஃப்ரீ, ஆனா நம்பரை அழியாத மார்க்கர்ல எழுதுங்க, பேனா வேண்டாம், பாத்தீங்கல்ல.

ரெடிங் அண்ணை:
தம்பி, டிக்கெட் கதையை ஒருத்தரும் கேக்கேல்லையே. நான் ஒரு விசயம் சொல்லுறன், நானும் நேரில காணேல்ல, அதுக்கும் மூர்மார்க்கெட் தம்பி சண்டைக்கு வராம இருந்தாச் சரி. 1992, ஓகஸ்ட் 30, ரெடிங் பெஸ்டிவல். நான் லண்டனுக்கு வந்து கொஞ்ச மாசம், ரெடிங்கில ஒரு பெற்றோல் ஷெட்டில நைட் வேலை. காத்து அடிக்கேக்க பேஸ் சத்தம் கண்ணாடியை அதிரப் பண்ணும். பாட்டு முடிஞ்சு பொடியள் சேறும் சகதியுமா வரத் தொடங்கீற்றினம். ஒருத்தன் ஈரமான அஞ்சு பவுண் நோட்டை நீட்டி சிகரெட் கேட்டுக்கொண்டே, கேர்ட் கோபேன் வீல்செயாரில வந்தவர் எண்டு கத்துறான். கண்ணில தண்ணி, சிரிப்போ அழுகையோ விளங்கேல்ல. நிர்வானா எண்ட பாண்டின்ர பாட்டுக்காரர்தான் அவர், எனக்கு அப்ப அந்தாள் ஆரெண்டே தெரியாது. யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவனுக்கு வீல்செயார் எண்டா ஷெல்லும் ஆஸ்பத்திரியும்தான் ஞாபகம். நான் பாவம் எண்டு நினைச்சு, எங்க அடிபட்டது, எந்த ஆஸ்பத்திரியில வைச்சிருக்கினம் எண்டு கேட்டன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், மிச்சக் காசை வாங்காமலே போயிற்றான். பத்துப் பன்னிரண்டு வருசம் கழிச்சு மகன் வீடியோவைப் போட்டுக் காட்டினவன். ஆஸ்பத்திரி உடுப்பு, பொய்முடி, தள்ளிக்கொண்டு வாறாங்கள், எழும்பி நிண்டு பாடத் தொடங்கி, பொத்தெண்டு விழுகிறார், பிறகு எழும்பிக் கிற்றாரை எடுக்கிறார். முழுக்கப் பகிடி. மகன் சிரிக்கிறான். நானும் சிரிச்சனான்தான், ஆனா அவர் விழுகிற இடம் வரேக்க இப்பவும் ரிமோட்டைத் தேடுவன்.

மூர்மார்க்கெட்:
அண்ணா உங்ககூடலாம் சண்டை போட மாட்டேன். ஈரோட்டுக்காரரே, அந்தப் பாப்பா என்ன ஆச்சுன்னு சொல்லவே இல்லையே?

ஈரோட்டுக்காரன்:
அட ஆமா. கூட்டத்துக்கு வெளிய உதவி டென்ட் வரைக்கும் போகவே வேண்டியதில்ல, பாதி வழிலயே அவங்கப்பா ஓடி வந்துட்டாரு, ஊதா ஹெட்ஃபோனை தூரத்துல இருந்தே பாத்துட்டாராம். புள்ளையை வாங்கிக்கிட்டு ரெண்டு கையாலயும் என் கையைப் புடிச்சு என்னமோ சொன்னாரு, அந்தக் கத்துல ஒரு எழுத்து கேக்கல. நான் திரும்பறதுக்குள்ள மேடையில ஆளுங்க ஒயரைச் சுத்திக்கிட்டு இருந்தாங்க. மூர்மார்க்கெட் சார், வெஸ்ட்டைக் கழட்டி வெச்சிருந்தா பாப்பா வேற யாரைப் புடிச்சு இழுத்திருக்கும், அதையும் கொஞ்சம் சொல்லுங்க.

கூடாரம்:
ஒண்ணு விட்டுட்டேன். ஹெட்ஃபோன் வாங்கறவங்க பளிச்சுன்னு கலரா வாங்குங்க, கறுப்பு வேண்டாம்.